திருக்கோயிற் சிற்பமும் நிழற்படமும்

கல்லிலே கடவுளைக் கண்டு வழிபடுதல் சைவ மக்கட்குத் தொன்றுதொட்டு வந்த நெறி. கல்லைக் கல்லென்றே கொண்டு, அதன் வடிவழகினை வியந்து, அவ்வியப்பினைத் தாளிற் பதித்து உலகெங்கும் பரப்புதல் அண்மைக் காலத்துத் தோன்றிய வழக்கு. பிரான்சு தேயத்துத் தாகேர் என்பார் கண்ட நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளியிடப்பெற்றது. அதன்பின் 20 ஆண்டுகள் நிரம்புமுன்னரே அது தஞ்சைப் பெருங்கோயிலின் திருமுற்றத்தை எய்திவிட்டது. அன்று தொட்டு இன்றுகாறும் நம் கோயிற் கற்சிற்பங்களைப் படம் பிடித்தோர் பலர். அப்படங்களைத் தொகுத்து வெளிவந்த நூல்களும் பல. அவற்றுட் சில கலையென்னும் பெயர்க்கு முற்றும் உரியன. அவற்றைக் காணும் சைவ அன்பர் மகிழ்தல் முறையோ, வருந்துதல் முறையோ என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கண் இருதிறத்தார் இருவேறு முடிபு கூறுவர். ஒருசாரார், இறைவன் திருவுருவைப் பொறியாற் பதித்துக் கடைதோறும் விற்றல் தகாதென்று அக்கலையையே விலக்குவர். மற்றொருசாரார், படம் எத்துணை அழகியதோ அத்துணைச் சமயத்தொண்டு அதனால் விளைந்ததென்று அமைவர். இவ்விரண்டும் பொருந்தா. முன்னவர் கூற்றைத் தழுவின் அக்கலையால் நாம் பெற்ற நன்மைகளை இழப்போம். பின்னவர் கூற்றைத் தழுவின் சிற்பத்தின் பொருளையே இழப்போம். ஒரு படம் சிற்பத்தை அது நிற்கும் இடத்தோடு காட்டுகின்றதா, அன்றி இடத்தினின்றும் பெயர்த்துக் காட்டுகின்றதா என்பதே அதன் குணமும் குற்றமும் தேர்தற்குரிய அளவுகோல் என்பது எம் துணிபு.

இத்துணிபு சித்தாந்தத்தின் வழிப்பட்டதே. இறைவன் கொள்ளும் திருமேனி அருவம், அருவுருவம், உருவம் என மூவகைப்படும். கருவறைக்கண் விளங்கும் சிவலிங்கம் அருவுருவத் திருமேனி. விமானத்தின் புறச்சுவரிலுள்ள தேவகோட்டங்களில் எழுந்தருளியிருக்கும் மகேசுர மூர்த்தங்கள் உருவத் திருமேனிகள். தென்பால் ஆலமர் செல்வரும், மேல்பால் இலிங்கோற்பவர் முதலாயினாரும், வடபால் நான்முகனும் கொற்றவையும் நிற்றல் நம் கோயில்களிற் பெரும்பான்மையாகக் காணப்படும் முறை. இவ்வடிவங்களெல்லாம் உள்ளிருக்கும் இலிங்கத்தினின்று திசைதோறும் வெளிப்போந்தனவாக வலம் வருவார் உணர்வர். ஆதலின் கோட்டத்து நிற்கும் ஒவ்வொரு திருவுருவும் ஒரு தொடரின்கண் நிற்கும் சொல்லை ஒக்கும். தொடரினின்றும் பிரித்தெடுத்த சொல்லுக்கு ஒலியும் உண்டு, அகராதிப் பொருளும் உண்டு. ஆயின், தொடர் உணர்த்த வந்த கருத்து அதன்கண் இல்லை.

நிழற்படக் கலையின் இயல்பே இவ்வுண்மையை நினைப்பூட்ட வல்லது. காணும் இயல்பு உடையதேனும் கண் கதிரொளியின்றிக் காணமாட்டாது; அறியும் இயல்பு உடையதேனும் உயிர் திருவருளின்றி அறியமாட்டாது என்பது நம் ஆசிரியர்கள் பலகாலும் எடுத்தோதும் உவமை. நிழற்படக் கருவியும் அக்கண்ணையே ஒப்பது. ஒளி வேண்டிய அளவு வாராத இடத்து அது குருடு. வந்த இடத்தும் அது பதிப்பது ஒளிபட்ட பொருளையேயன்றி ஒளியை அன்று. கோயிலின் நடுவிடமாகிய கருவறையில் மூலவரைப் படம் பிடித்தல் நம் நாட்டுக் கோயில்களில் மரபன்று. எனவே, எப்படத்தும் நடுவிடம் காணாதே நிற்கும். காணாத அந்நடுவிடத்தைப் புறத்து நிற்கும் சிற்பத்தின் வாயிலாகக் குறிப்பிக்கும் படமே கோயிற் படம். அதனை மறந்த படம் வெறுங் கல்லின் படம்.

இனி, இவ்வளவுகோலைச் சில படங்களின்மேல் வைத்துப் பார்ப்போம்.

முதற்கண் எண்ணற்குரியவர் ஆங்கிலப் படைத் தலைவராய் இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர். சென்னை மாகாண அரசினரால் 1856ஆம் ஆண்டில் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்ற இவர், மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய ஊர்களிற் சென்று பிடித்த படங்கள் 1858ஆம் ஆண்டில் தொகுதிகளாக வெளிவந்தன. மெழுகூட்டிய பெரிய தாள்களிலே எதிர்ப்படம் எடுத்துப் பதித்த அப்படங்களில் ஒளியும் நிழலும் மென்மையாய் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். விமானத்தின் பெருமையும் மண்டபத் தூண்களின் நிரையும் அவற்றிற் செவ்விதிற் புலனாகும். அவர் செயலினும் செயற்கை இல்லாமல் இல்லை. அக்காலத்துத் தாள்களில் வானம் வெறுமையாய்ப் பதிந்தமையால், எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி முகில்களைத் தாமே படைத்துக்கொண்டனர். ஆயினும் கல்லின்மேல் அவர் கைவைத்திலர்.

அவருடைய படங்கள் அனைத்தினும் தலையாயது கண்ணைக் கவரும் காட்சிப் படம் அன்று. தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் அதிட்டானத்தைச் சுற்றிப் பொறித்த கல்வெட்டுக்களைப் பகுதி பகுதியாகப் பிடித்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அவர் ஆக்கினர். அதன்கண் ஒப்பனையும் இல்லை. வியப்பூட்டும் கோணமும் இல்லை. சுவரின் வழியே நடந்து செல்வான் ஒருவன் காணும் முறையிலேயே எழுத்துக்கள் தொடர்ந்து செல்கின்றன. இக்கோயிற் கல்வெட்டுக்களை ஹுல்ட்சு என்பார் 1891ஆம் ஆண்டு முதல் பதிப்பித்து வெளியிட்டனர். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் இராசராசன் அமர்த்திய செய்தி அக்கல்வெட்டுக்களால் அன்றோ நாம் அறிந்தது! அதற்கு 30 ஆண்டுகட்கு மேலும் முன்னரே, எழுத்துக்களின் பொருளறியாத ஓர் அயலார் அவற்றின் வரிசையை மதித்தனர். பொருளறியாதவிடத்தும் வரிசையை மதித்தலே அவரது படத்தின் சிறப்பு. இத்தகைய பணி பெருஞ்செலவினதென்று கருதி, 1860ஆம் ஆண்டளவில் மாகாண ஆளுநர் டிரெவெலியன் அதனை நிறுத்திவிட்டமை நமக்குப் பேரிழப்பே.

வரிசையை மதியாத படத்தால் எது இழக்கப்படும் என்பதற்கு அப்பெருங்கோயிலே சான்று. அதன் விமானச் சுவர் இரு நிலையாக அமைந்தது. கீழ்நிலைக் கோட்டங்களிற் பல்வேறு திருவுருவங்கள் உள்ளன. மேல்நிலைக் கோட்டங்களிலோ வில்லேந்திய திரிபுராந்தகர் மீண்டும் மீண்டும் எழுந்தருளியிருக்கின்றார். கலை நலம் ஒன்றையே கருதும் படப்பிடிப்பாளர் அவற்றுள் மிக்க அழகுடைய ஒன்றைத் தேர்ந்து பதித்து, எஞ்சியவற்றை ஒன்றுபோல்வன என்று விட்டுவிடுவர். ஒன்றுபோல்வனவாய் இருத்தலன்றோ அங்கே கருத்து! முப்புரமாவது மும்மலம் என்று திருமூலர் அருளிய பொருளை உளங்கொண்டார்க்கு, அச்செயல் ஒருகால் நிகழ்ந்து ஓய்ந்த போரன்று, திசைதோறும் உயிர்தோறும் நிகழ்வது என்பது அம்மீட்சியாலே விளங்கும். ஒற்றைப் படம் ஒரு வில்லாளியைக் காட்டும். வரிசைப் படம் பாசம் அறுக்கும் பதியைக் காட்டும்.

அடுத்துக் கருதற்குரியவர் சுவிட்சர்லாந்து நாட்டினராகிய ரேமண்ட் பூர்னியே. காசியில் நெடுநாள் வாழ்ந்த இவர், கஜுராகோ முதலிய வடநாட்டுக் கோயில்களிற் பிடித்த படங்கள் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1946ஆம் ஆண்டிற் கல்கத்தாப் பல்கலைக்கழக வாயிலாக வெளியிட்ட ‘இந்துக் கோயில்’ என்னும் பெருநூலை அணிசெய்கின்றன. அவற்றின் கலைத்திறத்தை மறுப்பார் இரார். சாய்ந்து வீழும் வெயிலை வேண்டிய நொடிவரை காத்திருந்து பற்றியமையால், கல்லிலே தோலின் மென்மையும் மூச்சின் அசைவும் உளபோலத் தோன்றும். சிற்பி தன் உளிக்குத் துணையாகக் கதிரவனையும் கொண்டு தொழில் செய்தான் என்னும் உண்மையை இப்படங்கள் போல விளக்கியன மிகச் சில. இந்த அளவில் அவர் சிற்பிக்குச் செய்த நன்றி பெரிது.

எனினும், அவர் வழிவந்த படங்களின் குறை அந்நிறையிலேயே கருக்கொண்டிருக்கின்றது. கஜுராகோவிலுள்ள கந்தரிய மகாதேவர் கோயில் சந்தேலர் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த சிவாலயம். அதன் அகத்தே 226, புறத்தே 646 ஆக 872 சிற்பங்கள் உளவென்று கன்னிங்காம் எண்ணிக் கூறினர். சிகரத்தின்மேற் சிகரமாக மலைபோல் உயரும் அக்கோயிலின் சுவரில், திசைக்காவலரும் தேவரும் மகளிரும் தத்தம் இடத்தில் நிற்க, அனைத்துக்கும் நடுவே கருவறையில் இலிங்கம் விளங்குகின்றது. அதனை அறியாதார் இன்று அக்கோயிலின் பெயரைக் கேட்ட அளவில் நினைப்பது யாது? இணைவிழைச்சுச் சிற்பங்கள் சிலவற்றையே. அச்சிற்பங்களை மட்டும் தெரிந்தெடுத்து, அண்மையில் நின்று பிடித்து, பக்கந்தோறும் நிரப்பிய படநூல்கள் பலவாய்ப் பெருகியதன் பயன் இது.

அச்சிற்பங்களும் இடமறிந்து நோக்கின் வேறு பொருள் தரும். அவற்றுட் சிறந்தன மண்டபமும் கருவறையும் கூடும் சந்திச் சுவரில் அமைந்தன. இரண்டு கூடுமிடத்தே கூட்டத்தைக் காட்டுதல் சிற்பநூலார் கருதிச் செய்த அமைப்பென்று தேவாங்கனா தேசாய் என்னும் அம்மையார் ஆராய்ந்துரைத்தனர். கந்தரிய மகாதேவர் கோயிற் சிற்ப அமைப்புச் சைவசித்தாந்த நெறியோடு தொடர்புடையதென்றும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் நிறுவுகின்றனர். அவர் முடிபை ஏற்பினும் மறுப்பினும் ஒன்று தெளிவு: இடத்தை நோக்கியவழியே அவ்வாராய்ச்சி பிறந்தது. இடத்தை வெட்டியெறிந்த படத்தினின்று அம்முடிபும் பிறவாது, அதனை மறுக்கும் முடிபும் பிறவாது. நாணமோ நகையோ மட்டுமே பிறக்கும்.

தமிழ்நாட்டுச் சிற்பத்துக்கும் இது பொருந்தும். கங்கைகொண்ட சோழபுரத்தில் வடபுற வாயிற்படிகளை அடுத்துள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் படத்திற் காணாத கலையன்பர் அரியர். உமையொடு வீற்றிருக்கும் இறைவன், தன் திருவடிக்கீழ்க் கைகூப்பியிருக்கும் அடியார் தலையிற் கொன்றை மாலையைத் தன் திருக்கையாற் சூட்டுகின்றான். இறைவன் முகத்துக் கருணையும் அடியார் முகத்து அடக்கமும் நோக்குந்தோறும் உளம் உருக்குவன. ஆதலின், அவ்விரு முகங்களையும் மட்டும் அண்மையிற் கொண்டு பிடித்த படங்களே பெரிதும் வழங்குகின்றன.

அக்கோட்டத்தின் பக்கச் சுவர்களைப் படம் விட்டுவிடுகின்றது. அங்கேயன்றோ ஆனிரையும், மணலால் ஆக்கிய இலிங்கமும், விசாரசருமர் வரலாற்றின் பிற நிகழ்ச்சிகளும் சிறிய உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன! தந்தையின் தாளை வெட்டிய கையே இங்குக் கூப்பிய கை என்பதை அவை உணர்த்துவன. அது தெரியாதான் ஒருவன், அரசன் ஒருவன் தன் ஏவலனுக்குப் பரிசளிக்கின்றான் என்றே கொள்வான். தெரிந்தவனோ, பாசப்பற்று அற்ற இடத்துப் பதியே தந்தையாய் வந்தமை கண்டு கண்ணீர் உகுப்பான். இனி, அக்கோயிலின் வடபால் சண்டேசுரர்க்கெனத் தனித் திருக்கோயிலும் உண்டு. மாலை பெற்றவரின் இருக்கையும் மாலை பெறும் காட்சியும் ஒரே புறத்தில் அமைந்த நயத்தை எந்த அண்மைப் படம் காட்டும்? பெரியபுராணம் ஓதியவர் கண்ணுக்கு அங்கே ஒரு வரலாறு முழுதும் கல்லாய் நிற்கின்றது. படமோ அதன் இறுதி அடியை மட்டும் எடுத்தோதி அமைகின்றது.

மற்றுமொரு குறை உண்டு. வழிபாட்டிலுள்ள கோட்ட மூர்த்தங்கள் எண்ணெய்க்காப்பும் ஆடையும் மாலையும் சாத்தப்பெற்று விளங்குவன. கலைப்படம் வேண்டுவார் சிலர்க்கு இவை இடையூறாகத் தோன்றுகின்றன. ஆடையைக் களைந்து, மாலையை அகற்றி, கல்லை வெறுங் கல்லாக்கிப் பிடித்த பின்னரே சிற்பம் தூய்மையுற்றதாக அவர் எண்ணுவர். சிற்பி வடித்த வடிவை அறிதற்கு அது ஒருகால் வேண்டப்படலாம்; அதனை யாம் மறுக்கிலேம். ஆயின், ஆயிரம் ஆண்டுகளாக அடியார் கையாற் பூசிய எண்ணெயின் கருமையும் அக்கல்லின் வரலாறே. அதனை அழுக்கென்று கருதும் கண், கல்லைக் காணினும் கோயிலைக் கண்டதாகாது.

இங்கே ஒரு தடை நிகழும். “அழகு எங்கிருப்பினும் அது மக்களை ஈர்க்கும், ஈர்க்கப்பட்டார் பின்னர்ப் பொருளையும் வினவுவர், ஆதலின் இடமின்றி எடுத்த படத்தாற் கேடு யாது?” என்பர். கேடு உண்டு என்பதற்கு நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டுதும்.

சுந்தரமூர்த்தி நாயனார் பொன்பெற்ற தலமாகிய திருமுதுகுன்றம் இன்று விருத்தாசலம் எனப்படும். அங்குள்ள விருத்தகிரீசுவரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். அக்கோயிலின் கோட்டத்து எழுந்தருளியிருந்த மாதொருபாகர் கற்றிருமேனி களவு போய், கடல் கடந்து, நியூயார்க்கு வணிகர் ஒருவர் கைப்பட்டு, 2004ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள நியூ சௌத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு 3,00,000 டாலருக்கு மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டது. வலப்பால் ஆண்மையும் இடப்பால் பெண்மையும் ஓருருவில் இயைந்த அத்திருமேனியின் அழகே அவ்விலையைப் பெற்றுத் தந்தது. இத்தகைய விற்பனைக்கென எடுக்கும் படங்களில் சிற்பத்தின் பின்னே சுவர் இராது, கோட்டம் இராது, ஊர் இராது; வெறுவெளியில் ஓர் அழகிய கல் மிதந்து நிற்கும். எங்கிருந்து வந்தாய் என்று வினவின் அப்படம் வாய்திறவாது.

வாய்திறந்தது வேறொரு படம். புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தோன்றிய பிரெஞ்சு நிறுவனத்தார், அடுத்த ஆண்டு தொட்டுத் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படம் பிடித்து வந்தனர். அவர்தம் களஞ்சியத்துள்ள படங்கள் 1,50,000க்கு மேற்பட்டன. அவற்றுட் பெரும்பாலன கலைக்காட்சிக்கென எடுத்தவை அல்ல. நேரே நின்று, கோட்டமும் அதன் அரைத்தூணும் தெரிய, ஊரும் கோயிலும் குறித்து வைத்த எளிய கருப்பு வெள்ளைப் படங்கள். அவற்றிடையே மாதொருபாகர் தம் கோட்டத்தில் நின்றருளும் படமும் இருந்தது. அப்படத்தொடு கலைக்கூடத்துச் சிற்பத்தை ஒப்புநோக்கியவழிக் களவு ஐயமற வெளிப்பட்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புதுதில்லிக்கு வந்தபோது, அத்திருமேனி நம் நாட்டினரிடம் ஒப்புவிக்கப்பெற்றது.

அழகிய படங்கள் ஆயிரம் இருந்தும், இறைவன் திருமேனியை மீட்டது இடத்தைக் காட்டிய ஓர் எளிய படம். தடைகூறியார்க்கு இதனினும் மேற்பட்ட விடை வேண்டா.

“கோயிலும் கோட்டமும் குறித்த படம் கள்வர்க்கு வழிகாட்டி ஆகாதோ?” என இன்னுமொரு தடையும் நிகழும். கள்வன் படமின்றியும் வருவான். கோயிற் சுவர் தெருவிலிருந்தே தெரிவது. அவன் பொருளை விற்கும்போது வேண்டுவது அழகைப் பெருக்கும் படம். அஞ்சுவது இடத்தைச் சாற்றும் படம். ஆகவே, படத்தை மறைத்தல் அவனுக்கே துணையாம்.

இதனால், அழகிய படத்தை யாம் வெறுக்கின்றோம் என்று கொள்ளற்க. பூர்னியே காத்திருந்து பிடித்த வெயிலும், டிரைப் ஒட்டிச் சேர்த்த வரிசையும், புதுச்சேரியார் குறித்து வைத்த இடமும் ஒருங்கு கூடும் படத்தொகுதியே யாம் வேண்டுவது. அண்மைப் படம் ஒன்று எடுப்பின் கோட்டம் முழுதும் தெரியும் படம் ஒன்றும், கோட்டம் நிற்கும் சுவர் தெரியும் படம் ஒன்றும் அதனொடு சேர்க. எத்திசை நோக்கியது, எவ்வடிவின் அருகில் நிற்பது என்பதும் எழுதுக. அவ்வாறாயின் அண்மைப் படத்தின் அழகு குறையாது. சொல் தன் தொடரை மீண்டும் பெறும்.

சைவ அன்பர்கள் இதனைப் பிறர்க்குரிய பணியென்று கருதி வாளா இருத்தல் கூடாது. படம் பிடிக்கும் கருவி இன்று பெரும்பாலார் கையிலும் உள்ளது. திருவிழாக்களில் தம்மையும் தம் உறவினரையும் கோயிலின் முன் நிறுத்திப் பிடித்துக்கொள்வார் எண்ணிறந்தோர். அவருள் ஒருசிலரேனும், தம் ஊர்க் கோயில் அலுவலரின் இசைவு பெற்று, வலம் வரும் முறையிலே ஒவ்வொரு கோட்டத்தையும் ஒரு படமாக எடுத்து, நாளும் இடமும் குறித்துப் பாதுகாப்பாராயின் அதுவும் திருத்தொண்டே. அரிய ஒளியும் அரிய கருவியும் அதற்கு வேண்டா. ஆலமர் செல்வர் தென்றிசையில் தம் கோட்டத்துள் இருக்கின்றார் என்று நாளை ஒருவன் ஐயமின்றிச் சொல்லத்தக்க அளவு தெளிவு இருப்பின் போதும். பெருங்கோயில்களைப் பலரும் காப்பர். படம் ஒன்றும் இல்லாத சிற்றூர்க் கோயில்களிலிருந்தே இத்தொண்டு தொடங்குக.